தறிக்குழியிலிருந்து டில்லி இரண்டரை மணி நேரம்

மீனம்பாக்கத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் டில்லி. ரயில் என்றால் இரண்டு ராத்திரி. ஆரணியில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இதையே சொல்லித் திரிந்தேன். விமான மெக்கானிக் பயிற்சிக்கு டில்லியில் திங்கட்கிழமை காலை நேர்முகத் தேர்வு. அங்கிருந்த மாமாவைக் கடிதத்திலேயே கெஞ்சி, ஞாயிறு சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் வரவழைத்துவிட்டேன்.

இந்தியப் படத்தில் தூரத்தை அளக்கத் தறியடியில் கிடந்த சிவப்பு நூலை எடுத்தேன்.

"பட்டுல அளக்காதடா. நீ இழுக்கிற இழுப்புக்கு டில்லி காஞ்சிவரத்துக்கிட்ட வந்துடும்" என்றாள் அக்கா.

பருத்தி நூலில் அளந்தேன். ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. ரயில் பாதை இன்னும் எவ்வளவோ நீளம்.

நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ரயில்னா எப்போ கெளம்பணும்?"

"வெள்ளிக்கிழமை."

"ப்ளேன்னா?"

"ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஏறினா போதும்."

"அப்போ ரெண்டு நாள் மிச்சம். சேலைய முடிச்சுட்டுப் போ."

நான் பீற்றிக்கொண்ட வேகமே என்னைக் குழிக்குள் இறக்கியது. பெரணமல்லூர்க் கல்யாணச் சேலை, திங்களன்று முகூர்த்தம். தொடக்கத்திலிருந்து நெய்தது நான். எனக்குப் பதிலாக நைனா உட்கார முடியாது. குறுக்கு நூலை அடித்து இறுக்குகிற அடி ஒவ்வொரு கைக்கும் ஒரு மாதிரி. நடுவில் ஆள் மாறினால் அந்த இடம் கோடு போட்ட மாதிரி துணியில் தெரியும்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. குழியில் ஈரம் ஊறியது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நமுத்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒட்டினதைப் பிரிப்பதும் அறுந்ததை முடிவதுமாகப் பொழுது போனது. ஞாயிறு காலை பஸ் போனது. அதற்கடுத்ததும் போனது. பெண்ணின் பெரியப்பா ஈரக் குடையோடு வந்து தறிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். முந்தானை இன்னும் பாக்கி.

விளக்கு வைக்கும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிய அக்கா மெதுவாகக் கேட்டாள்: "ப்ளேன் கெளம்பியிருக்கும் இல்ல?"

"ம்."

நாடா போனது, வந்தது.

"இப்போ எங்க போய்கினு இருக்கும்?"

"நாக்பூர்."

முந்தானை இன்னும் ஒரு சாண் ஏறியது. நானாகத்தான் சொன்னேன்: "குவாலியர்."

முந்தானை முடிந்தபோது டில்லியில் படிக்கட்டைக் கொண்டுவந்து விமானத்தோடு சேர்த்திருப்பார்கள். நைனா சேலையை அறுத்து மடித்தார். பெரியப்பா விளக்கில் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை.

"பரவால்லியே தம்பி, மழைலகூட ஜல்தியா முடிச்சுட்டியே!"

அவர் போனதும் நைனா குழிக்குள் கையை நீட்டினார்.

"ஏறுடா. அடுத்த ப்ளேன் எப்போ?"

"நாளைக்குக் காலைல."

"ரெண்டரை மணி நேரந்தானே?"

"அது போய்ச் சேர்றதுக்குள்ள அங்க ஆள் எடுத்து முடிச்சிருப்பாங்க, நைனா."

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் அதைப் பிடிக்கவில்லை. பாவு இல்லாத தறியில் கால்கள் மிதிக்கட்டைமேலேயே இருந்தன.