வெறி பிடித்த மானும் மாடசாமியின் கட்டைவிரலும்

வேட்டைத் தடுப்புக் காவலர் என்றால் துப்பாக்கிக்காரனைத் துரத்துகிற வேலை என்று நம்பிச் சேர்ந்தேன். குருமலை அடிவாரத்தில் நான் அதிகம் துரத்தியது நாயை. நல்லதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் உத்தியோகஸ்தர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

நாய்ப் பந்தி

கோழிக்கடைக்காரர் ஒருவர் தினமும் கழிவை மூட்டை கட்டி மலையடி ஓடையில் தட்டிவிட்டுப் போவார். அதைத் தின்ன நாய்கள் கூடும். தண்ணீருக்கு இறங்கும் புள்ளிமான்களை அவை துரத்தும். அதில் ஒரு நாய்க்கு வெறிநோய் இருந்தால் போதும். கடித்த இடத்தில் எச்சில் இறங்கி, நோய் மெல்ல மானின் மூளைக்கு ஏறிவிடும். அப்புறம் மருந்தே கிடையாது. இதையெல்லாம் கடை வாசலில் நின்று பாடமாக எடுத்தேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "நாயி கடிச்சா நாயைப் பிடிங்க சார். நான் கோழியத்தான வெட்டுதேன், மானையா வெட்டுதேன்?"

சாமி வந்த பகல்

கொஞ்ச நாளில் ஒரு ஆண் மான் பட்டப்பகலில் ஊருக்குள் வந்து கோயில் முன்னால் நின்றது. மனிதரைக் கண்டு ஓடாத மானுக்கு மூளை கலங்கியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஊருக்கோ சாமியே வந்த மாதிரி. நான் போவதற்குள் நெற்றியில் குங்குமம், முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம்.

மானின் வாயில் நுரை ஒழுகியது. கிடை ஆடு வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சி, தொண்டையில் மக்காச்சோளக் கட்டை சிக்கியிருக்கிறது என்று, ஆட்டுக்குச் செய்கிற பழக்கத்தில் மணிக்கட்டுவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் பல் பட்டு ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் பாய்ந்து மானின் வாயைத் துண்டால் கட்டினேன். குங்குமம் வைத்த அம்மா முறைத்தார்: "அதுபாட்டுக்கு நல்லாத்தான் நின்னுச்சு. உம்ம காக்கிச் சட்டையப் பாத்துதான் மிரளுது."

தொடை

சாயங்காலம் மான் செத்தது. கால்நடை டாக்டர் மூளையைப் பரிசோதிக்கத் தலையை எடுத்துப்போனார். மிச்சத்தைப் புதைக்கக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டும்போது டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு வந்து நின்றார்: "நோயி தலையிலதான? தொடை என்ன பாவம் செஞ்சுது?"

கட்டைவிரல்

முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாடசாமிக்கு ஊசி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். மறுநாள் காலை கிடைக்குப் போனேன். "மான் புல்லுதான தம்பி திங்குது, அதுக்கு எங்கன இருந்து விஷம் வரும்?" என்று சிரித்தார் அவர். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்கிற பழைய பயம் வேறு. நோய் தலைக்கு ஏறிவிட்டால் மனுசன் பிழைப்பதில்லை. வேறு வழியில்லாமல், "அண்ணாச்சி, உங்களுக்கு வந்தா கிடை ஆடு மொத்தத்துக்கும் வந்துரும்" என்று புளுகினேன். கம்பைப் போட்டுவிட்டு பைக்கில் ஏறினார்.

பெரியாஸ்பத்திரியில் நர்ஸம்மா அவர் கையில் ஊசியைப் போட்டு முடித்ததும், மாடசாமி என் புறங்கையைப் பிடித்துத் திருப்பினார். காட்டில் பட்ட முள் கீறல், அதன்மேல் மானின் நெற்றியிலிருந்து ஒட்டிய நேற்றைய குங்குமம் கழுவாமல் காய்ந்து கிடந்தது. "மான் வாயைக் கட்டுனது நீருதான? உம்ம கை என்ன காட்டிலாகா கையா, நோயி சலாம் போட்டுட்டுப் போயிருமா? நீட்டும்யா."

வெறிநோய்தான் என்று பிறகு முடிவு வந்தது. மான் செத்தது, மாடசாமி பிழைத்தார், நான் மாடசாமியால் பிழைத்தேன், ஓடையில் நாய்ப் பந்தி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.