மடியில் கனமில்லாதவர்

“6.40. பால்காரர். 6.52. கருணாகரன், கறுப்புப் பை” என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் சிங்காரவேலு காபியை வாயில் வைப்பார். எதிரே டி.வி.யில் நான்கு கட்டங்கள். நான்கிலும் மந்தாரக்குப்பத்தில் அவர் குடியிருக்கும் தெருதான். குறுக்கே நாய் ஓடினாலும் குனிந்து பார்ப்பார். நாயை மட்டும் எழுத மாட்டார். அதற்கு ஆதார் கிடையாது.

முப்பத்து நான்கு வருடம் சுரங்கத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை. சிவப்பு விளக்கு எரிந்தால் போன் செய்ய வேண்டும். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் எங்கேயாவது சிவப்பு விளக்கு எரியாதா என்று தேடிக்கொண்டிருந்தார். யாரும் போட்டியிடாத தெரு நலச் சங்கச் செயலாளர் பதவி அவருக்கு வாய்த்தது. கேமராக்களை மாட்டினார். குடித்தனக்காரர்கள் எல்லாரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி அடுக்கினார். ஏன் என்று கேட்டால், “நேஷனல் செக்யூரிட்டிங்க” என்பார், கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பக்தியோடு. அதற்கு மேலும் கேட்பவருக்கு, “மடியில கனம் இல்லன்னா வழியில எதுக்குங்க பயம்?”

மூன்றாம் வீட்டு ஜியாவுதீன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் டிரைவர். அவர் மகள் ஃபௌசியா சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. சிங்காரவேலு எழுதினார்: “12.35. ஜியாவுதீன் வீடு. அறிமுகமில்லாத ஆண்கள் நால்வர். தாடி.” கூட வந்த இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் குறிப்பில் இல்லை. பிறகு, தனக்குப் பழக்கமான ஒரு காவலருக்குப் போன் செய்தார்.

பிரியாணி பரிமாறும்போது இரண்டு போலீஸ்காரர்கள் மஃப்டியில் வந்து, “உங்க சங்கச் செயலாளர்தான் போன் பண்ணாரு” என்று நின்றார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சாப்பிட்ட கையோடு எழுந்து ஆதார் கார்டைத் தேடினார். கேட்டதெல்லாம் பத்து நிமிடக் கேள்விதான். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் கை கழுவிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள். மறுநாள் போனில் பதில் வந்தது: “வேற எடம் பாத்துக்கறோம் பாய்.”

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஃபௌசியா வந்தாள். சிங்காரவேலு தன் நோட்டைச் சாதனைப் பட்டியல்போல மேசையில் வைத்திருந்தார்.

“அங்கிள், ஒருத்தர் போனை அரசாங்கம் ஒட்டுக் கேக்கணும்னாக்கூட உள்துறைச் செயலாளர் எழுத்துல உத்தரவு போடணும். அது சரிதானான்னு ஒரு குழு பாக்கணும். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது ஜட்ஜுங்க தீர்ப்பு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு யார் உத்தரவு போட்டாங்க?”

“நாட்டுக்குன்னா உத்தரவு எதுக்கும்மா? நான் சும்மா பாத்துக்கினுதான இருந்தேன்? உங்க வூட்டுலேர்ந்து எதையாவது எடுத்துக்கினு போனேனா?”

“ஒரு சம்பந்தத்த எடுத்துக்கினு போயிட்டீங்க.”

கூட்டம் தரையைப் பார்த்தது. ஜியாவுதீன் வீட்டு விஷயம் ஜியாவுதீனோடு போகட்டும் என்ற நாகரிகம். ஃபௌசியா நோட்டை எடுத்துப் புரட்டி உரக்கப் படித்தாள்: “வியாழன், 3.20. கருணாகரன் ஷிஃப்டில். அவர் மனைவியின் தம்பி என்று சொல்லப்படுபவர் வருகை.”

அதுவரை காது குடைந்துகொண்டிருந்த கருணாகரன் எழுந்தார். “சொல்லப்படுபவர்னா இன்னா சார் அர்த்தம்?”

பிறகு ஆளுக்கு ஆள் தங்கள் பக்கத்தைத் தேடினார்கள். நோட்டு கைமாறிக் கைமாறித் தாள் தாளாகக் கிழிந்தது. கால் மணி நேரத்தில் மந்தாரக்குப்பத்துக்கு அந்தரங்கத்தின் அருமை தெரிந்துவிட்டது.

இப்போது சிங்காரவேலு செயலாளர் இல்லை. மிஞ்சிய ஒரு கேமரா அவர் வீட்டுக் கேட்டை மட்டும் பார்க்கிறது. ஜியாவுதீன் குடும்பம் பக்கத்து ஊரான வடக்குத்துக்கு வீடு மாறிவிட்டது. அந்தச் சம்பந்தம் திரும்பவில்லை. ஃபௌசியா பரீட்சைக்குப் படிக்கிறாள். தெருவில் ஒருவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

நானும் அந்தத் தெருதான்; போன வாரம் சிங்காரவேலுவைப் பார்க்கப் போனேன். “நான் செஞ்சதுல தப்பே இல்லீங்க” என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் அவர் போன் அடித்தது, பெங்களூரிலிருந்து மகன். “சொல்லுப்பா” என்றவர் என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.