பயத்தில் சொன்ன சம்மதம்

இறால் தடவும்போது எங்களால் பேச முடியாது. பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீரில் குந்தியபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி நகர வேண்டும். அகப்பட்ட இறாலை அப்படியே பறிக்குள் போடுவோம். கரையிலிருந்து பேன்ட் போட்ட யாராவது "இங்கே இறங்கக் கூடாது" என்று அதட்டினால் மட்டும் கயிற்றை வாயிலிருந்து எடுப்போம். "சரிங்கய்யா." மறுநாள் வேறு பக்கமாக இறங்குவோம். பழவேற்காடு ஏரியில் இருளர்கள் நாங்கள் பிழைத்துக் கிடப்பது இந்தச் சரிங்கய்யாவை வைத்துத்தான்.

ஏரிகளையும் கடலோரங்களையும் பற்றிப் பல நாடுகள் கூடி முடிவெடுக்கும் வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்கு எங்கள் சங்கம் என்னை அனுப்பியது. எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் நீரிலும் நிலத்திலும் எதையும் தொடங்கக் கூடாது என்ற வரியை அதன் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லி, பல தேசத்துப் பழங்குடிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். பிளஸ் டூ படித்தவள், வாயாடி என்று என்னைப் பிடித்தார்கள். அந்த வாய் ஊர் எல்லையோடு சரி என்பது அவர்களுக்குத் தெரியாது.

என்னைப் பெற்ற நைனா பொன்னேரி ஸ்டேஷன் வரை வந்தார். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அங்க இன்னா கேட்டாலும் சரின்னு சொல்ட்டு வந்துடும்மா. நாளைக்கு நாமதான் ஏரியில எறங்கணும்."

மண்டபத்தில் முன்வரிசைகளில் நாடுகள், கடைசியில் நாங்கள். நாங்கள் கேட்கும் வரியை ஏதாவது ஒரு நாடு ஏற்றுப் பேசினால்தான் அது நிற்கும். சின்னத் தீவு நாடு ஒன்று பேசியிருந்தது.

டீ குடிக்கும் நேரத்தில் ஓர் அதிகாரி என்னிடம் வந்தார். எந்த நாட்டுக் குழுவைச் சேர்ந்தவர் என்று எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நல்ல தமிழ் பேசினார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, "சம்மதம்னு எதுக்கு அவ்வளவு பெரிய வார்த்தை? உங்களைக் கலந்து பேசினாப் போதாதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"சரிங்கய்யா" என்றேன்.

ஊரில் என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. கூட்டம் மறுபடி தொடங்கியதும் அவர் மைக்கைப் பிடித்தார். என்னோடு வந்திருந்த சங்கத்து அக்கா ஆங்கிலம் தெரிந்தவர். காதருகே சொன்னார்: "பழங்குடிப் பொண்ணே கலந்து பேசினாப் போதும்னு ஒத்துக்கிச்சாம். சம்மதம்ங்கறத எடுத்துடலாம்ங்கறாரு. நீயா சொன்ன?"

"பயத்துல சொல்ட்டேன்க்கா."

 அந்த ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் கோபப்படவில்லை. திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

"எழுந்து பேசுறியா?" என்றார் அக்கா. வேண்டாம் என்று தலையாட்டினேன். பிறகுதான் உறைத்தது. நாளைக்கு யாராவது ஏரியில் எல்லைக்கல் நடுவார்கள். கேட்டால், உங்கள் பெண்தானே சரி என்றாள் என்பார்கள். நைனா கைகட்டி நின்று அதைக் கேட்பார். எனக்குத் தைரியம் எதுவும் வந்துவிடவில்லை. பெரிய பயம் சின்னப் பயத்தைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். கையைத் தூக்கினேன்.

"சரின்னு நான் சொன்னது நெசம்" என்றேன். அக்கா வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னார். "அய்யாவப் பாத்துப் பயந்துட்டு சொன்னேன். எங்க ஊர்ல யார் அதட்டுனாலும் அப்படித்தான் சொல்லுவோம். முடியாதுன்னு சொன்னா இன்னா ஆவும்னு எங்களுக்குத் தெரியும். இப்பவும் பயந்துட்டுத்தான் பேசுறேன். பயந்தவங்க சொல்ற சரிய சம்மதம்னு எழுதிக்காதீங்க. முடியாதுன்னு சொல்லவும் எங்களுக்கு உரிமை இருந்தாத்தான் அது சம்மதம்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அன்று ஏறியது. ஏறிய பிறகு எப்படி இறங்குவது என்றுதான் தெரியவில்லை.  எங்களுக்காகப் பேசியிருந்த அந்தத் தீவு நாட்டு அம்மா மைக்கை இழுத்து, வார்த்தை இருக்கட்டும் என்றார். இறுதி முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். அதுவரை சம்மதம் என்ற வார்த்தை தீர்மானத்தின் வரைவில் இருக்கும்.

வாசலில் அந்த அதிகாரி நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"எந்த ஊரும்மா உனக்கு?"

எங்கள் பக்கம் எந்தத் தொல்லையும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கும். அக்கா என் கையைக் கிள்ளினார். பொன்னேரி என்று பொதுவாகச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஏரியின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்தே சொன்னேன். அவர் அதைப் போனில் தட்டிக் குறித்துக்கொண்டு, "நல்லாப் பேசின" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

திரும்பி வந்து மாதங்கள் ஆகின்றன. இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எங்கள் மண்ரோட்டில் ஜீப் ஒன்று திரும்பினால் நைனா முதலில் என்னைத்தான் பார்க்கிறார். நான் ஈரப் புடவையோடு கரையேறி நிற்கிறேன். எங்களிடம் சம்மதம் கேட்க வருகிறார்களா, என்னைத் தேடி வருகிறார்களா என்பது அது பக்கத்தில் வந்து நிற்கும்வரை தெரிவதில்லை.