மேட்டுச்சாவடித் தேருக்கு ஒரு வேட்டு

வில்லியனூர் பைபாஸில் பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே ஜெயசீலனின் பட்டறை. துப்பாக்கி செய்யவும் பழுது பார்க்கவும் அரசு கொடுத்த உரிமம் சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் லூர்து மாதா படம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீரியல் விளக்கு. வாரத்தில் பாதி நாள் கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைப்பார். மீதி நாள், யாரும் கேட்காமலே துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்.

சாப்பாட்டு மேஜை வாங்கி வரச்சொல்லி மனைவி ஜெயசித்ரா அனுப்பியபோது, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மரப்பெட்டியோடு திரும்பிய மனுஷர் அவர். உள்ளே வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிக் கொல்லனின் கருவிகள். இரும்பைக் கையாலேயே சுற்றிச் சுற்றிக் குடையும் துளைக்கோல், விசையின் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் குட்டிக் கவ்வி, வாத்து மூக்கு மாதிரி வளைந்த அரம்.

“இதுல இன்னாத்த வச்சி துன்றது?” என்றார் ஜெயசித்ரா.

“பெட்டி மேல தட்டு நிக்கும்,” என்றார் ஜெயசீலன். இன்றுவரை அப்படித்தான் நிற்கிறது.

அந்தக் கருவிகளுக்கு வேலை வந்தது பாகூர்ப் பக்கத்து மேட்டுச்சாவடியிலிருந்து. அங்கே அம்மன் தேர் நகர வேண்டுமானால் முதலில் கோயில் துப்பாக்கி வெடிக்க வேண்டும். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டிப் போட்டு, குத்துக்கோலால் இடித்துக் கெட்டிக்கிற ரகம். குண்டு கூடாது, சத்தம் மட்டும்தான் என்பது போலீஸ் நிபந்தனை. பழைய துப்பாக்கியின் குழல் பிளந்துபோனதால், புதிதாக ஒன்று செய்து தரச் சொன்னார் அறங்காவலர் தங்கவேல். உரக்கடை வைத்திருப்பவர்.

ஜெயசீலன் இரும்பைக் குடைந்தார், கட்டை செதுக்கினார், அரத்தால் ராவினார். கட்டையில் கொடி, இலை, கிளி எல்லாம் வந்தன. திருவிழா அன்று ஊரே காதைப் பொத்திக்கொண்டது. துப்பாக்கி ‘புஸ்’ என்றது. வடம் பிடித்தவர்கள் இழுப்பதா, வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மைக் செட் கதிரவன் வாயாலேயே “டமார்!” என்று சொல்ல, தேர் கிளம்பியது.

துருப் பிடிக்காமல் இருக்கக் குழலுக்குள் ஊற்றியிருந்த எண்ணெயை ஜெயசீலன் துடைக்கவில்லை. மருந்து எண்ணெயில் ஊறிவிட்டது. “கிளி செதுக்க நேரம் இருந்துச்சி, தொடைக்க நேரம் இல்ல,” என்றார் ஜெயசித்ரா.

அடுத்த வருடம் தங்கவேல் முன்கூட்டியே சொல்லிவிட்டார். “இந்த வாட்டியும் கவுத்துட்டீங்கன்னா தப்பா நெனைக்காதீங்க. அப்புறம் கதிரவன்தான்.”

“பென் டிரைவ்ல பீரங்கி வச்சிருக்கேன்ணே,” என்றான் கதிரவன் அடக்கமாக. “தொடைக்கவே வேணாம்.”

பென் டிரைவிடம் தோற்றுப்போனால் பட்டறைச் சுவரிலிருக்கும் உரிமத்தை எந்த முகத்தோடு பார்ப்பது? ஜெயசீலன் இரவெல்லாம் துடைத்தார். தேரடியில் நின்று மறுபடி துடைத்தார். குழலில் மூக்கை வைத்து மோந்தார். மருந்து கொட்டி, நார் போட்டு, கோலால் இடிக்கும்போது கூட்டத்திலிருந்து ஜெயசித்ராவின் குரல்:

“ஏங்க, தொடச்சீங்களா?”

“தொடச்சேன்டி! வேற இன்னா, எறங்கி குளிப்பாட்டவா?”

அதற்குள் மேளம் உச்சத்துக்குப் போனது. தங்கவேல் துண்டை வீசினார். ஜெயசீலன் வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார்.

அப்படி ஒரு சத்தத்தை மேட்டுச்சாவடி கேட்டதில்லை. காக்கைகள் ஒட்டுமொத்தமாகப் பாகூர் ஏரிப் பக்கம் கிளம்பின. தேர் நகர்ந்தது. நாலு பேர் ஜெயசீலனைத் தோளில் தூக்கினார்கள். மேலே இருந்தபடியே குத்துக்கோலைச் செருகி வைக்கத் தேடினார். கையில் இல்லை, தரையில் இல்லை. ஜெயசித்ரா எங்கோ மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பார்த்தார்.

துடைத்தோமா என்ற கவலையிலேயே, கோலைக் குழலுக்குள் விட்டுவிட்டுச் சுட்டிருக்கிறார். வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார். ஆனால் உள்ளூர்த் தலைவர் ஒருவர் தன் பிறந்தநாள் பேனரை வானம் வரைக்கும் வைத்திருந்தார். கோல் அவருடைய சிரிப்பில், முன்பல் இரண்டுக்கும் நடுவே நின்றது.

பந்தோபஸ்துக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். “குண்டு போடலன்னு சொன்னீங்களே?”

“குண்டு இல்ல சார். கோலு.”

கோலுக்கு எந்தச் சட்டப் பிரிவு என்று அவருக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. தலைவரின் ஆட்கள் குதித்தார்கள். தலைவர் மட்டும் போனில், “கழட்டாதீங்கடா, எல்லாரும் போட்டோ எடுக்குறானுங்க,” என்று சொல்லிவிட்டார்.

தங்கவேல்தான் தலையைச் சொறிந்தார். “சத்தம் நல்லாத்தான் வந்துச்சி. ஆனா ஒரு ஆளு மேல பாஞ்சிருந்தா? வேணாம்பா.”

கதிரவனின் கை சட்டைப் பைக்குப் போனது.

“இருங்க,” என்று ஜெயசித்ரா முன்னால் வந்தார். “கெட்டிச்சி முடிச்சதும் கோல எங்கிட்ட குடுக்கட்டும். நான் ஊருக்கே தூக்கிக் காட்டுறேன். காட்டினாத்தான் இவரு சுடணும்.”

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசித்ராவைப் பார்த்தார். “இந்தம்மா இருந்தா சரி,” என்றார்.

இந்த வருடம் ஜெயசித்ரா பட்டுப்புடவையில் வந்தார். கோலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். ஊர் விசிலடித்தது, பெண்கள் குலவையிட்டார்கள், செல்போன்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. பின்னால் துப்பாக்கி வெடித்தது. அருமையாக வெடித்தது. திரும்பிப் பார்த்தவை காக்கைகள்தான். தங்கவேல், இது ஆதிகாலத்துச் சம்பிரதாயம் என்று வெளியூர்க்காரர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது பைக்கின் பின்னால் ஜெயசித்ரா கோலைக் கொடி மாதிரி நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

“சுட்டது நானு,” என்றார் ஜெயசீலன்.

“யாரு இல்லன்னா? ஓரமா போவாதீங்க, கோலு மரத்துல மாட்டிக்கும்.”