நிறுத்து என்று சொல்லும் வேலை

மூக்குடைபடுவது என்று தமிழில் சொல்வார்கள். என் விஷயத்தில் அது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. எல்லைக் காவலின் சிறப்பு அணிக்கு ஆள் எடுத்தபோது, சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஓர் அறைக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே காப்புடை போட்ட இரண்டு ஆண்கள் காத்திருந்தார்கள். மணி அடிக்கும்வரை விழாமல் நிற்க வேண்டும், அதுதான் பரீட்சை. ஒருவனுடைய முழங்கை என் மூக்கில் இறங்கியபோது முருங்கைக்காய் முறிகிற சத்தம் கேட்டது. வாய்க்குள் இரத்தம் வந்தது. நான் அவனுடைய தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்து, முழங்காலால் வயிற்றில் கொடுத்தேன். மணி அடித்த பிறகும் கொடுத்தேன். பயிற்சியாளர் உள்ளே வந்து "போதும்" என்ற பிறகுதான் விட்டேன். அன்று மாலையே என்னை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். கோபம் குடியைக் கெடுக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டு, மூக்கில் பஞ்சோடு, லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

கணவர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வேலை கிடைச்சிட்டுதோ, இல்லாட்டி வாற வழியிலை ஆரோடையும் கொழுவினனீரோ?"

"ரெண்டும்தான்," என்றேன்.

அணியின் வேலை கதவுடைப்பது. பின்னால் சட்டம், வாரண்ட், விசாரணை எல்லாம் இருக்கின்றன. கதவுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு கேடயம், ஆளுக்கொரு பொல்லு என்கிற குண்டாந்தடி, கதவை இடிக்க ஒரு சிவப்பு இரும்புக் குழாய், அவ்வளவுதான். அந்தக் குழாயைச் சாவி என்று சொல்வோம். எந்தப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி. நாங்கள் தேடியது களவாக ஆட்களை ஏற்றி இறக்கும் கூட்டங்களை. எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் அவர்களை ஏஜென்சிக்காரர் என்று சொல்லும். லொறிக்குள் பொய்த்தளம் அடித்து அதற்குக் கீழே மனிதரை அடுக்கிக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். வந்து சேர்ந்தவர் மறுபேச்சுப் பேசினால் இஸ்திரிப் பெட்டியால் சுடுவார்கள். அப்படிச் சுடப்பட்ட ஒரு முதுகுக்கு நானே ஈரத்துணி போட்டிருக்கிறேன். தோல் துணியோடு வந்தது. அதனால் இந்த வேலையைப் பற்றி எனக்கு வெட்கம் கிடையாது. கோயிலில் ஒருத்தி என் காதுபட, "குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு" என்றாள். "காம்பில்லை அக்கா, நான் கோடரியேதான்," என்று சொல்லிவிட்டுப் பிரசாத வரிசையில் போய் நின்றேன்.

ஆனால் மேற்பார்வையாளர் பதவிக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு அலைந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் அணியில் ஒரு முறை உண்டு. உள்ளே புகுந்த பிறகு ஆயுதம் இருக்கிறது என்று கூவ எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. ஒருவர் கூவினால் மற்றவர்கள் கேள்வி கேட்காமல் அடிப்பார்கள். நிறுத்து என்று சொல்ல மட்டும் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. அவர் மேற்பார்வையாளர். ஆளாளுக்கு நிறுத்தச் சொன்னால் எங்களில் யாராவது குத்துப்பட்டுச் சாவோம் என்பார்கள். அது உண்மையும்தான்.

ஒருமுறை ஒரு கிடங்கில் பிடிபட்டவன் சிமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தான். இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தான். எங்கள் ஆட்கள் மூன்று பேர் அவன் மேல் இருந்தார்கள். பொல்லு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் இன்னொருவனைத் துரத்திக்கொண்டு பின்வாசலால் போய்விட்டார். "போதும், விடுங்கள்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அந்தச் சொல்லை என் வாயிலிருந்து கேட்க அவர்களுடைய காது பழகவில்லை. மேற்பார்வையாளர் திரும்பி வந்து சொன்ன பிறகு ஒரே நொடியில் விட்டார்கள். அதற்குள் அந்த ஆளின் தாடை கோணிப்போயிருந்தது. அந்தச் சொல் எனக்கு வேண்டும் என்று அங்கேயே, அந்த இரத்தத்துக்குப் பக்கத்தில் நின்று, முடிவெடுத்தேன்.

பதவி காலியானபோது இரண்டு பேர் போட்டியிட்டோம். மற்றவரும் தமிழர்தான், மலேசியாக்காரர். படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிட இளையவர், என்னைவிடப் பொறுமைசாலி, ஆள் அலுமாரி அகலம்.

"அக்கா, நீங்க பேசுறது எனக்குப் பாதிதான் புரியுது," என்பார்.

"மிச்சப் பாதியை அடிச்சு விளங்கப்படுத்தட்டோ?" என்பேன்.

எங்களுக்குள் பகை இல்லை. எங்கள் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரர். தமிழ் வீடு என்றால் எங்கள் இருவரையும் முன்னால் விடுவார். பாம்பின் கால் பாம்பறியும் என்ற கணக்கு. தமிழ் என்றால் எல்லாம் ஒரே தமிழ் என்று அவர் நினைத்திருந்தார்.

வட லண்டனின் எட்மண்டனில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் போனோம். ஏஜென்சிக்கு லொறி ஓட்டிய ஒருவனைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேரில் யாருக்குப் பதவி என்ற சிபாரிசை அன்றைய நடத்தையை வைத்துத்தான் எழுதப்போகிறேன் என்று அதிகாரி முதலே சொல்லியிருந்தார். அன்று நிறுத்தச் சொல்லும் உரிமை அவருடையது. முன்கதவு இரண்டாவது இடியில் உள்ளே விழுந்தது. வாசலில் கழற்றியிருந்த சப்பாத்துகளை மிதித்துக்கொண்டு மாடிக்கு ஓடினோம். மலேசியாக்காரர் கேடயத்தோடு முன்னால், நான் அவருடைய முதுகோடு ஒட்டியபடி. குளியலறைக் கதவு பூட்டியிருந்தது. அதையும் இடித்தோம். கதவு பிளந்தது, ஆனால் முழுதாகத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ முதுகு கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மரம் நெரிகிற சத்தத்தோடு வேறு ஏதோவும் நெரிந்தது. அது லொறிக்காரனுடைய விரல்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஒரு பெண்ணின் குரல், மூச்சை அடக்கிக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொன்னது.

"கத்திப்போடாதை. கத்திப்போடாதை."

எனக்கு உடனே விளங்கியது. அவள் புருஷனைக் கெஞ்சுகிறாள். விரல் நசுங்கியவன் அலறினால் உள்ளே ஆண் இருப்பது தெரிந்துவிடும், அதனால் சத்தம் போட்டுவிடாதே என்கிறாள். விழுந்துபோடாதை, மறந்துபோடாதை என்று எதற்கும் ஒரு போடு சேர்த்துத்தான் நாங்கள் பேசுவோம். மலேசியாக்காரருக்கு அந்தப் போடு பழக்கமில்லை. அவர் காதில் விழுந்தது "கத்தி போடாதே." கையில் இருக்கிற கத்தியைக் கீழே போடாதே என்று யாரோ யாருக்கோ சொல்கிறார்கள்.

"நைஃப்," என்று அவர் அலறினார். "நைஃப், நைஃப்."

"இல்லை, கத்தி இல்லை, நிறுத்துங்கள்," என்று நான் கத்தினேன். கிடங்கில் கத்தியது போலத்தான். எல்லோரும் மொத்தமாகக் கதவில் விழுந்தார்கள். கதவு பெயர்ந்து அந்தப் பெண்ணோடு சேர்ந்து குளியல் தொட்டிக்குள் போனது. அவள் நெற்றி குழாயில் அடித்துப் பிளந்தது. லொறிக்காரன் நசுங்கிய கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான், இரத்தம் முழங்கைவரை வழிந்தது. முதல் அடி அவன் தோளில், அடுத்தது காதில். மூன்றாவது அடிக்கு மலேசியாக்காரர் பொல்லை ஓங்கினார், நேரே உச்சந்தலைக்கு. நான் இடையில் கையை நீட்டினேன். முன்கை எலும்பு இரண்டும் போயின. வலி வருவதற்கு முன்பே கை வேறு பக்கம் மடங்கித் தொங்குவதைப் பார்த்தேன். தலையால் அவருடைய நெஞ்சில் முட்டி வெளியே தள்ளினேன். படியேறி வந்த அதிகாரி அப்போதுதான் நிறுத்து என்றார். குளியலறையில் கத்தி இருக்கவில்லை. பல் துலக்கும் பிரஷ்கள்தான் இரத்தத்துக்குள் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் எனக்கு எதிர்க் கதிரையில் அந்தப் பெண்ணை இருத்தியிருந்தார்கள். நெற்றியில் தையல் போட்டிருந்தது. பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் காவல். மருத்துவர் என் கையை இழுத்து நேராக்கியபோது, வலி தாங்காமல் "ஐயோ அம்மா" என்றேன். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

அவள் நெற்றித் தையலை விரலால் தொட்டாள்.

"அப்ப உடைக்க முன்னம் தமிழிலை ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே. நான் திறந்திருப்பன்."

என்னிடம் பதில்கள் இருந்தன. கூப்பிட்டால் ஃபோனை உடைப்பார்கள், ஜன்னலால் குதிப்பார்கள். அவள்மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சரியான கேள்வி கேட்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஆத்திரம்தான் வரும்.

மறுநாள் மலேசியாக்காரர் சோற்றுப் பார்சலோடு வீட்டுக்கு வந்தார். வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சத்தியமா கத்தின்னுதான் கேட்டேன்."

"தெரியும். கத்தி எண்டுதான் சொன்னவள். மிச்சப் பாதிதான் உமக்கு விளங்கேல்லை."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான். விசாரணையில் இருவரும் நடந்ததை நடந்தபடியே சொன்னோம். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னுடையது அல்லாத சொல்லை நீ பயன்படுத்தினாய், இன்னொரு நாள் உண்மையிலேயே கத்தி இருந்தால் என் ஆள் ஒருவன் செத்திருப்பான் என்றார். அப்படியானால் அந்தச் சொல்லை எனக்குத் தாருங்கள் என்றேன். திமிர் என்று அவர் நினைத்திருப்பார். திமிர்தான்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு நேர்முகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எட்மண்டனில் என்ன மாற்றிச் செய்திருப்பாய் என்று கேட்டார்கள். அந்தப் பெண் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். தமிழ் வீட்டின் முன் முதலில் தமிழில் கூப்பிடுவேன், திறக்காவிட்டால்தான் உடைப்பேன் என்றேன். திடீரென்று புகுவதுதானே நமது பலம் என்று ஒருவர் இழுத்தார். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று எங்களிடமும் ஒரு பழமொழி உண்டு, அதை நம்பித்தான் இந்தக் கை உடைந்தது என்று மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். பதவி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

பதவி எனக்குத்தான் வந்தது. முதலில் வந்து கைகொடுத்தவர் மலேசியாக்காரர். அன்றிரவு நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன்.

கை தேறிய பிறகு முதல் வேலை ஈஸ்ட் ஹாமில். சேலைக் கடைக்கு மேலே ஒரு ஃப்ளாட், சனிக்கிழமை மத்தியானம், கீழே ஹை ஸ்ட்ரீட்டில் நகை பார்க்கிற கூட்டம். எட்மண்டன் லொறியை அனுப்பிய ஏஜென்சிக்காரர் இருவர் உள்ளே இருக்கிறார்கள் என்று உறுதியான தகவல். நான் கதவுக்கு நேரே நின்றேன். பின்னால் படியெல்லாம் என் ஆட்கள், சுவரோடு ஒட்டி. மலேசியாக்காரர் சாவியைத் தூக்கிப் பிடித்திருந்தார். விரலால் மெல்லத் தட்டினேன்.

"அக்கா, ஒருக்காக் கதவைத் திறக்கிறியளோ?"

செருப்புச் சத்தம் வந்தது.

"ஆரது, கோயிலாலையோ?"

"திறவுங்கோவன், அக்கா."

சங்கிலி கழன்றது. "வாங்கோ, உள்ளுக்கை வாங்கோ" என்று சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறந்தாள். என் வயதுக்காரி. கையில் மா ஒட்டியிருந்தது. முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருக்கும்போதே என் ஆட்கள் எனக்கு இரண்டு பக்கத்தாலும் உள்ளே பாய்ந்தார்கள். ஒருவனைச் சோபாவோடு கவிழ்த்தார்கள். மற்றவனைச் சாமிப் படத்துக்குக் கீழே சுவரில் அழுத்தி விலங்கு போட்டார்கள். பொல்லுக்கு வேலையே வரவில்லை. எங்கள் அணி இவ்வளவு சுத்தமாக ஒரு கதவைத் தாண்டியதே இல்லை. பின்னாலிருந்து யாரோ என் தோளில் தட்டினார்கள்.

அவள் கதவைப் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தமிழ்க் குரல் எண்டுதானே திறந்தனான்," என்றாள்.

பிறகு ஓங்கி அறைந்தாள். காது கூவியது. எனக்குப் பின்னால் பொல்லுகள் உறையிலிருந்து உருவப்படும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல், "நிறுத்து" என்றேன். எல்லோரும் அப்படியே நின்றார்கள். நான் இவ்வளவு காலம் ஆசைப்பட்ட சொல் அது, சொன்னவுடனே வேலை செய்தது.

அவள் நிற்கவில்லை. மற்றக் கன்னத்திலும் அறைந்தாள், பிறகு திரும்பவும் முதல் கன்னத்தில். அவளை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.