கூடை வேண்டுமாம்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். உங்கள் நடனத்துக்குத் தூண்டுதல் எது? பனிமூட்டம், பறவை என்று ஏதாவது வரும் என்று பேனாவைத் திறந்து வைத்திருப்பார்கள். கத்தரி என்பேன். துணி வெட்டுகிற கத்தரியா என்று கேட்பார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மாவுக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவின் தோட்டத்தில் இப்போது விரலால் கொழுந்து கிள்ளுவது குறைவு. அடியில் பெட்டி பொருத்திய நீளக் கத்தரியால் செடியின் தலையைச் சீவிக்கொண்டே போவார்கள். பெட்டி நிறைந்ததும், நிற்காமல், தோளுக்கு மேலாக முதுகுச் சாக்கில் இலையை வீசுவார்கள். சரிவில் நிற்பதால் ஒரு முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும்.

என் நடனமெல்லாம் அந்த மடங்கிய காலிலிருந்துதான் தொடங்கும். ஒத்திகையில் முதலில் இசை கிடையாது. சாய்த்துப் போட்ட பலகை மேல் ஐந்து பெண்களைக் கையில் கத்தரியோடு நிற்க வைப்பேன். யாருக்கு எங்கே வலிக்கிறதோ, அங்கிருந்து முதல் அசைவை எடுப்பேன். சென்னையில் எனக்கு நடனம் சொல்லித்தந்த அம்மையார் அந்தக் காலைக் குறை என்று மூன்று வருடம் நிமிர்த்தப் பார்த்தார். அவருடைய உலகத்தில் தரை எப்போதும் சமதளம்.

போன கோடையில் ஊட்டி மேடை ஒன்றுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அதுவரை பெங்களூரிலும் சென்னையிலும்தான் ஆடியிருக்கிறேன். அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தன்னோடு வேலை செய்யும் பத்துப் பெண்களிடம் அவள் சொல்ல, எல்லோரும் லீவு கேட்டுவிட்டார்கள்.

ஒத்திகையைப் பார்க்க நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்தார்.

"எல்லாம் நல்லா இருக்குங்க மேடம். கத்தரி மட்டும் வேண்டாங்க, முடி வெட்டற மாதிரி இருக்குது. கூடை வெச்சுக்குங்க."

"எஸ்டேட்ல இப்ப யாருங்க கூடை வெச்சிருக்காங்க? சாக்குதான்."

"அது எஸ்டேட்டுங்க, இது ஸ்டேஜு. கூடை இல்லீன்னா டூரிஸ்ட்டுக்கு டீத்தோட்டம்னே தெரியாது. பொண்ணுங்களும் கொஞ்சம் சிரிச்சா நல்லா இருக்கும்."

கையோடு ஐந்து கூடை கொண்டுவந்திருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் முதுகில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ள வாடகைக்கு விடுவார்களே, அந்தக் கூடை. ஓரத்தில் பிளாஸ்டிக் பூ வேறு.

முடியாது என்றேன். அவர் வருத்தப்படவில்லை, வேறு குழு தயாராக இருந்தது.

அம்மாவுக்குத்தான் கோபம். "கூடையத் தூக்குனா கை ஒடிஞ்சா போயிரும்? பத்துப் பேத்துகிட்டச் சொல்லி வெச்சிருக்கறனே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறது?"

"அது பொய்ம்மா."

"ஆமா, நீ படிச்சவ. உனக்கு எல்லாமே பொய்யாத்தான் தெரியும்."

கேட்ட லீவை வீணாக்காமல் பதினோரு பேரும் பஸ் பிடித்து, கூடையோடு ஆடும் அந்த வேறு குழுவைப் பார்க்க ஊட்டிக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மா போன் செய்தாள். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"ஏண்டி, அவளுக சிரிச்சுக்கிட்டே பறிக்கறாளுக. பல்லுக் காட்டறதுக்குத் தனிக் கூலி போல. ரெண்டு எலையக் கிள்ளிப்போட்டுட்டு இடுப்பை ஆட்டறாளுக. எங்க சூப்பரவைசரு பாத்திருந்தா அத்தனை பேரையும் ஊட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது.

"நீ செஞ்சது சரின்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள். "ஆனா அந்தக் கூட்டத்துல நீ நிக்காதது நல்லதாப் போச்சு," என்றாள்.

என் ஆட்டத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு வரச்சொல்லிப் பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வழியில் வாந்தி வருமே என்கிறாள். வாந்தி வந்தாலும் நீ வராமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.