குப்பைமேட்டில் எரிமலை

எங்கள் பாடசாலையில் புவியியல் கற்பிக்கும் ஐவி டீச்சருக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும். போன வருடம் முழுக்க அது சிவந்தேதான் கிடந்தது. பக்கத்து வகுப்பில் கணிதம் கற்பிக்கும் நான் எல்லாவற்றையும் பார்த்தவன்.

டீச்சர் பிறந்ததும் இன்று குடியிருப்பதும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில். லயத்துக்கு மேலே உள்ள மேட்டில்தான் டவுன் குப்பையைக் கொட்டுகிறார்கள். ஹோட்டல் எச்சில், பிள்ளைகளின் பம்பர்ஸ், செத்த நாய், எல்லாம். மழை பெய்தால் அந்தச் சாறு குடிதண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வரும். த்தூ!

ஒரு நாள் அந்த மேடு வெடித்துப் புகைந்தது. அதே வாரம் இந்தோனேசியாவில் பூமி அதிர்ந்திருந்தது. போதாதா? எவனோ வீடியோ எடுத்து எரிமலை என்று போட்டுவிட்டான். டவுன் சனம் ஓட்டோ பிடித்து வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, பல்லை இளித்துப் படம் எடுத்தார்கள். சிலர் கற்பூரமும் கொளுத்தினார்கள்.

டீச்சர், சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கொழுந்து பறிக்கிற காளியாயியிடம் பொரிந்து தள்ளினார்.

"எரிமலை சும்மா மொளைக்காதுக்கா. சுமாத்ரா பக்கம் கடலுக்கு அடியில உள்ள பாறைத் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழ சொருகிக்கிட்டுப் போகுது. போற வழியெல்லாம் உடையுது. அதான் அங்க ரொம்ப ஆழத்துல பூமி அதிருது. அதோட போன தண்ணி, நூறு கிலோமீட்டர் கீழ வெளிய வந்து, மேல உள்ள பாறைய இளக்குது. காஞ்ச சீனி லேசுல இளகாது, தண்ணி பட்டா பாகாகும்ல? அந்தப் பாறைக் குழம்புதான் எரிமலையா வருது. நம்ம காலுக்குக் கீழ எந்தத் தட்டும் எறங்கல. இது குப்பை அழுகி உள்ளுக்குள்ள வேகுற பொகை!"

காளியாயி இருமி முடித்தார். "அது எனக்குத் தெரியாதா டீச்சர்? மூக்கு இருக்குல்ல. எரிமலைன்னா வேற எடத்துல வீடு கட்டிக் குடுப்பாங்க. குப்பைன்னா எவன் வருவான்? பேசாம இருங்க."

டீச்சரால் பேசாமல் இருக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் குப்பையை அள்ளுவார்கள் என்று நம்பினார். நுவரெலியாவிலிருந்து வந்த, இயற்கை அனர்த்தங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அவர் தலையாட்டினார்.

"டீச்சர் சொல்வது சரி. எரிமலை இல்லை. அப்படியென்றால் இது இயற்கை அனர்த்தமும் இல்லை. யாரையும் இடம் மாற்றத் தேவையில்லை."

"அப்போ குப்பை?"

"அது எங்கள் வேலை இல்லை."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மானங்கெட்ட டவுன் சபைக்காரர்கள், மறுநாளே டிராக்டரைக் கொண்டுவந்து, புகைகிற வெடிப்பின் மேலேயே புதுக் குப்பையைக் கவிழ்த்தார்கள்.

அன்று காலை டீச்சரோடு பாடசாலைக்குச் சேர்ந்து போக நான் லயத்து வாசலில் நின்றிருந்தேன். பீலியில் வாளியை வைத்துவிட்டுக் காளியாயி திரும்பினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"ஏன் டீச்சர், அந்தத் தட்டு நம்ம காலுக்குக் கீழயும் கொஞ்சம் எறங்குனா என்னவாம்?"

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.